காபியில் மாவுப்பூச்சி: பொறிவண்டை வீட்டிலேயே வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிறேன். கோடை வந்தால் மாவுப்பூச்சி அப்பிக்கொள்கிறது. பொறிவண்டு வளர்த்து விடலாம் என்கிறார்கள். நானே வளர்க்க முடியுமா? அடிவாரத்தில் உள்ள தேக்கில் இலை தின்னும் புழுவுக்கும் அதே வண்டு போதுமா?

பதில்: வணக்கம். தாராளமாக வளர்க்கலாம். நீங்கள் கேள்விப்பட்டது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டாக இருக்கும். கறுப்பு உடம்பு, ஆரஞ்சுத் தலை, மிளகை விடச் சிறியது. 1898-லேயே காபியின் பச்சைச் செதில்பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

வண்டு வளர்ப்பதில் பாதி வேலை மாவுப்பூச்சி வளர்ப்பதுதான். நன்கு முற்றிய, வரிவரியாகப் பள்ளம் உள்ள, காம்போடு கூடிய பரங்கிக்காயாக வாங்குங்கள். கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். கீறல் இருந்தால் மெழுகை உருக்கி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காய் அழுகி எல்லாம் வீணாகும். அப்புறம் மாவுப்பூச்சியின் முட்டைப்பைகளைக் காய்மேல் வையுங்கள். 15 முதல் 20 நாளில் காய் முழுக்க வெள்ளை படரும். அதுவரை பொறுங்கள். தாய் வண்டு அந்தப் பஞ்சு போன்ற முட்டைப்பைகளுக்குள்தான் தன் முட்டையை இடும்.

காய் தயாரானதும் கூண்டில் வைத்து, காய்க்கு 100 வண்டு வீதம் 24 மணி நேரம் விட்டு எடுங்கள். சுமார் 30 நாள் கழித்துப் புது வண்டுகள் வெளிவரத் தொடங்கும். ஒரு காய்க்கு 175 வண்டு வரை கிடைக்கும். தேன் கொடுத்து 10, 15 நாள் கூண்டிலேயே வைத்திருங்கள். இனச்சேர்க்கை முடிந்த வண்டுதான் தோட்டத்தில் உடனே முட்டையிடும். செடிக்கு 10 வண்டு என்று 500 செடிக்கு விட 30 காய் போதும். ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்தால் மார்ச் நடுவில் கையில் வண்டு இருக்கும்.

மாவுப்பூச்சி அறையும் வண்டு அறையும் தனித்தனியாக இருக்கட்டும். நான்கு வண்டு தப்பிப் போனாலும் அடுத்த சுற்றுக்கு வைத்த பூச்சியைத் தின்று தீர்த்துவிடும். முதல் வண்டுகளை பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்தில் விடும் முன் எறும்பைக் கட்டுப்படுத்துங்கள். மாவுப்பூச்சியின் தேன் கழிவுக்காக எறும்பு வண்டை விரட்டும். தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்துவிடுங்கள். வண்டு விட்ட பிறகு பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

இதைக் கட்டாயம் வேலையாட்களுக்கும் சொல்லுங்கள்: வண்டின் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ‘பூச்சி பெரிதாகிவிட்டது’ என்று மருந்தடித்து, வளர்த்ததையே கொன்றவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. குச்சியால் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று நகர்ந்தால் அது நம் புழு.

தேக்குக்கு இது உதவாது. மாவுப்பூச்சியும் மெல்லிய செதில்பூச்சியும்தான் இதன் இரை. தேக்கு இலைப்புழுவுக்கு, அந்தப் புழுவையே நோயாகத் தாக்கும் வைரஸ் கரைசல் ஒன்றை பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அங்கே விசாரியுங்கள். இலை உதிர்ந்தாலும் மரம் மறுபடி துளிர்க்கும், அதனால் பதறாதீர்கள். இப்போதைக்குக் காபியைப் பாருங்கள்.