வளர்ந்த பைன் காட்டில் மரங்களைக் குறைத்துவிட்டு உரம் போடுவது ஏன்?

வளர்ந்து நிற்கும் பைன் மரங்களை இடையிலேயே வெட்டுவதும், மிச்சத்துக்கு உரம் போடுவதும் வீண் செலவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கத் தென்கிழக்கு மாநிலங்களின் லாப்லாலி பைன் தோட்டங்களை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே நெருக்கமாக வளர்ந்த ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள். நடுவில் வளையங்கள் பென்சில் தடிமனுக்கு இருக்கும். பட்டையை நெருங்க நெருங்கத் தாளாக மெலிந்துவிடும். ஒளி கிடைக்காத கீழ்க்கிளைகள் காய்ந்து, தழை உச்சியில் மட்டும் கொத்தாக நிற்கும். அது மர உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குவதற்குள் சில மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைத்துவிட வேண்டும். நலிந்த மரத்தைத்தான் பட்டை வண்டும் தேடி வரும்!

கோணலானவையும் நோயுற்றவையும் முதலில் காகிதக்கூழுக்குப் போகும். மிஞ்சியவை ஊசியிலைகளைப் பெருக்க இடம் கிடைத்துவிட்டது. இனித் தேவை சத்து. ஹெக்டேருக்குச் சுமார் 224 கிலோ நைட்ரஜன், 28 கிலோ பாஸ்பரஸ் என்பது வழக்கமான அளவு. யூரியாவைக் குளிர்காலத்தில் தூவுவார்கள்; வெயிலில் போட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். பலன் 6 முதல் 10 ஆண்டுகள் வரை தெரியும்.

பலகை அறுக்கும் பருத்த மரம்தான் குறி என்றால், நெருக்கத்தைக் குறைக்காமல் உரம் மட்டும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.