இரண்டு நீதிமன்றங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். படித்தது பி.காம். உலகின் பெரிய இலக்கியங்களையும் தத்துவ நூல்களையும் படித்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், காண்ட், தஸ்தயேவ்ஸ்கி, நீட்சே என்று கால வரிசையில் ஒரு பட்டியல் போட்டுத் தொடங்கினேன். இலியட்டில் கப்பல்களின் பட்டியல் வரும் இடத்திலேயே நின்றுவிட்டேன். ‘கரமசோவ் சகோதரர்க’ளில் திமித்ரி யார், மித்யா யார் என்று குழம்பி மூடி வைத்தேன். காண்ட்டைப் பற்றிக் காணொளிகள் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிவதுபோல இருக்கிறது, மறுநாள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தத்துவத்தின் அடிப்படை தெரியாமல் இவற்றைத் தொடக்கூடாது என்கிறார் ஒரு நண்பர். முதலில் சங்க இலக்கியத்தை முடி என்கிறார் இன்னொருவர். என்னைப் போன்றவர்கள் எதிலிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள். கால வரிசை பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு உதவும். வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறவருக்கு அது வெறும் சுமை. நண்பர் சொல்கிற ‘அடிப்படை’யும் அப்படித்தான். அடிப்படையைத் தேடிக்கொண்டே ஆண்டுகளைக் கழித்துவிட்டு, மூல நூல் ஒன்றைக்கூடத் தொடாமல் போனவர்கள் பலரை நான் அறிவேன். நல்ல மூளைக்காரர்கள். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சிறிய நூல்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் நீதிமன்ற உரை. ‘அப்பாலஜி’ என்று பெயர். மற்றொன்று, டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’. 1886இல் வெளியான குறுநாவல். முன்னதை ஒரு மாலையில் முடித்துவிடலாம். பின்னதற்கு இரண்டு மூன்று இரவுகள் போதும். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முடித்தவுடன், யார் என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடாமல், மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரில் 70 வயது சாக்ரடீஸ் ஏறத்தாழ 500 நடுவர்கள் முன்னால் நிற்கிறார். நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பவை குற்றச்சாட்டுகள். அவர் பேசுவதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு எந்த முன்னறிவும் தேவையில்லை. தன்னைவிட ஞானி எவருமில்லை என்று டெல்ஃபி கோயிலின் குறி சொன்னதாக நண்பர் ஒருவர் வந்து சொல்ல, அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக அரசியல்வாதிகளிடமும் கவிஞர்களிடமும் கைவினைஞர்களிடமும் போய்க் கேள்வி கேட்டதை அவர் விவரிக்கிறார். பகை வந்தது அதனால்தான்.

குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. அங்கே வழக்கப்படி, தனக்கு என்ன தண்டனை தகும் என்று குற்றவாளியும் ஒன்றை முன்மொழியலாம். நாடு கடத்தல் என்று கேட்டிருந்தால் ஒருவேளை உயிர் தப்பியிருப்பார். அவரோ, ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குப் போடுவதுபோல நகரத்தின் பொதுச் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள், அதுதான் எனக்குத் தகும் என்கிறார். பிறகு, அபராதமாக ஒரு மினா (அன்றைய கிரேக்கப் பண அளவு) தரமுடியும் என்கிறார். உடனே, ‘இதோ பிளேட்டோவும் கிரீட்டோவும் மற்றவர்களும் முப்பது மினா என்று சொல்லச் சொல்கிறார்கள், அவர்களே பிணை நிற்கிறார்கள்’ என்று மாற்றுகிறார். நூலை எழுதிய பிளேட்டோ, தன் ஆசிரியரின் உயிருக்குப் பணம் கட்டத் தயாராக நின்ற இளைஞர்களில் ஒருவராக அந்த ஒரு வரியில் தலைகாட்டுகிறார். காணொளிச் சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இப்படிப்பட்ட வரிகள்தான். மறுநாள் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாததற்கு உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள்.

இனி டால்ஸ்டாய். இவான் இலியிச் ஒரு நீதிபதி. கதை அவர் இறந்த செய்தியோடு தொடங்குகிறது. நீதிமன்றத்தில் இடைவேளையின்போது சகாக்களில் ஒருவர் நாளிதழில் அந்தச் செய்தியைப் பார்த்துச் சொல்கிறார். கேட்டவுடன் ஒவ்வொருவர் மனமும் அந்தக் காலியிடத்தால் யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இடமாற்றம் என்று கணக்குப் போடுகிறது. அலுவலகத்தில் வேலை செய்கிற எவருக்கும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உடம்பு கூசும். பிறகு பின்னோக்கிப் போகிறது கதை. புதுவீட்டில் திரைச்சீலையை எப்படித் தொங்கவிட வேண்டும் என்று காட்டுவதற்காக ஏணியில் ஏறியவர் சறுக்கி, சன்னல் சட்டத்தின் குமிழில் விலாவை இடித்துக்கொள்கிறார். அவ்வளவுதான். வலி மெல்லத் தொடங்குகிறது. மருத்துவருக்கு, கோளாறு சிறுநீரகத்திலா குடல்வாலிலா என்பதே கேள்வி. உயிருக்கு ஆபத்தா என்பதுதான் இவான் இலியிச்சின் கேள்வி. மருத்துவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களிடம் தான் எந்த முகத்தோடு நடந்துகொண்டோமோ, அதே முகத்தோடு இந்த மருத்துவர் தன்னிடம் நடந்துகொள்கிறார் என்று அந்த நீதிபதிக்கு அப்போது உறைக்கிறது.

ஆறாம் அத்தியாயத்தில் ஓர் இடம் வருகிறது. பள்ளியில் தர்க்க நூலில் படித்த பாடம் அவருக்கு நினைவு வருகிறது: கேயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் இறப்பவர்கள், ஆகவே கேயஸ் இறப்பவன். கேயஸைப் பொறுத்தவரை அது சரி என்று அவர் ஏற்கிறார். ஆனால் தான் கேயஸ் இல்லையே! தான் வான்யா (இவானின் செல்லப்பெயர்). அம்மா, அப்பா, விளையாட்டுப் பொம்மைகள், தாதி எல்லாம் இருந்த வான்யா. கோடு போட்ட தோல் பந்தின் வாசனையை வான்யா எவ்வளவு விரும்பினான்; அந்த வாசனை கேயஸுக்குத் தெரியுமா? அம்மாவின் பட்டாடை சரசரத்தது கேயஸுக்குக் கேட்டதா? எல்லோரும் சாவோம் என்று அறிந்திருப்பதற்கும், நான் சாகப்போகிறேன் என்று அறிவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய தத்துவப் பக்கத்தை நான் படித்ததில்லை. அந்தத் தர்க்க நூலை எழுதிய கீஸ்வெட்டர் காண்ட்டின் சிந்தனை மரபில் வந்தவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன். காண்ட் பக்கம் நீங்கள் பிறகு போகலாம், இப்போது அவசரமில்லை.

ஒருவர் வெளியே உள்ள நீதிமன்றத்தில் தன் வாழ்க்கைக்குக் கணக்குச் சொல்கிறார். மற்றவர் படுக்கையில் கிடந்தபடி தனக்குத்தானே சொல்லவேண்டியிருக்கிறது. ஆராயாத வாழ்க்கை மனிதன் வாழத் தகுந்ததல்ல என்று சாக்ரடீஸ் சொல்வது உரையில் ஒரு வாக்கியமாகக் கடந்துபோகிறது. ஆராயாமல் வாழ்ந்த ஒருவனுக்குக் கடைசியில் என்ன நேர்கிறது என்பதை டால்ஸ்டாய் முழுக் கதையாக எழுதிவிட்டார். இதைக் கண்டுகொண்ட பிறகு, தத்துவம் தனி, இலக்கியம் தனி என்று இரண்டு அலமாரிகள் உங்களுக்குத் தேவைப்படாது.

சங்க இலக்கியத்தை ‘முடிப்பது’ பற்றி: அது முடிகிற காரியமல்ல, முடித்த பிறகுதான் மற்றது என்பதும் தேவையில்லை. ஆனால் இந்த இரண்டு நூல்களோடு புறநானூற்றின் 214ஆம் பாட்டைச் சேர்த்துப் படியுங்கள். வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் பாடியது. ‘யானை வேட்டுவன் யானையும் பெறுமே, குறும்பூழ் வேட்டுவன் வறுங்கையும் வருமே’ என்று வரும் பாட்டு (குறும்பூழ் என்றால் காடை). நல்வினைக்குப் பயனாக மேலுலக இன்பம் கிடைக்கலாம்; அது இல்லையென்றால் மறுபிறப்பு இல்லாமல் போகலாம்; அதுவும் இல்லையென்றாலும் பழியில்லாத உடம்போடு புகழை நிறுத்திச் சாவது சிறந்தது என்று ஒவ்வொரு வாய்ப்பாக எடுத்துவைத்துப் பேசுகிறான். சாக்ரடீஸும் உரையின் முடிவில், சாவு கனவில்லாத தூக்கமாக இருக்கலாம், அல்லது வேறோர் இடத்துக்குப் போகிற பயணமாக இருக்கலாம், இரண்டில் எதுவானாலும் எனக்கு நல்லதே என்கிறார். ஒருவரையொருவர் அறியாத இருவர், சாவை எதிரில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே முறையில் யோசித்திருக்கிறார்கள்.

தமிழில் என்ன கிடைக்கும் என்ற கவலை வேண்டாம். வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவின் ‘அரசிய’லைத் தமிழுக்குத் தந்திருக்கிறார். நா. தர்மராஜனின் ‘அன்னா கரீனினா’, எம்.ஏ. சுசீலாவின் ‘குற்றமும் தண்டனையும்’ இரண்டும் நம்பிப் படிக்கக்கூடியவை. தஸ்தயேவ்ஸ்கியில் நுழைய ரா. கிருஷ்ணையாவின் ‘வெண்ணிற இரவுகள்’ நல்ல வாசல், சிறியது. ‘அப்பாலஜி’க்குப் பெஞ்சமின் ஜோவெட்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ‘கரமசோவ் சகோதரர்க’ளுக்குத் திரும்பும்போது ஒரு தாளில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: திமித்ரிதான் மித்யா, அலெக்ஸேய்தான் அல்யோஷா. இலியட்டில் கப்பல் பட்டியலைப் புரட்டிவிட்டு மேலே போகலாம், தவறே இல்லை.

அடுத்ததாகப் பிளேட்டோவின் ‘கிரீட்டோ’வை எடுங்கள். இன்னும் சிறியது. விடிவதற்கு முன் சிறைக்கு வந்த நண்பர் கிரீட்டோ, சாக்ரடீஸ் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு எழுப்பாமல் உட்கார்ந்திருக்கிறார். தப்பிக்க எல்லா ஏற்பாடும் தயார். அவர் வைக்கும் வாதங்களில் ஒன்று பிள்ளைகளைப் பற்றியது. உனக்கு மூன்று மகன்கள், இருவர் இன்னும் சிறுவர்கள், பெற்றவன் வளர்த்து ஆளாக்க வேண்டாமா என்று கேட்கிறார். பிள்ளைகளை நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அதற்குக் கிடைக்கும் பதிலின் சாரம். சாக்ரடீஸ் மேல் எனக்குள்ள மரியாதைக்கு அளவில்லை. ஆனாலும் இந்தப் பதிலை என்னால் இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. படித்துவிட்டு, நீங்கள் யார் பக்கம் என்று எழுதுங்கள்.

அன்புடன்.