மலைச்சரிவு வீட்டைச் சுற்றி எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பெற்றோர் கட்டிய வீடு பண்டாரவளைக்கு அருகே ஒரு மலைச்சரிவின் நடுவில் இருக்கிறது. மேற்புறம் அரசாங்கத்துக்குச் சொந்தமான பைனஸ் தோப்பு. கீழ்ப்புறம் எங்கள் வளவு, அதைத் தாண்டினால் மானாப்புல். கடந்த ஆகஸ்டில் எதிர்மலை இரண்டு நாட்களாக எரிந்தது. பைனஸ் மரங்களை வெட்டித்தரும்படி கேட்கலாமா? வளவுக்குக் களைநாசினி அடித்து வெறும் தரையாக்கிவிடும்படி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அயலவர் சொல்கிறார். என்னால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் போக முடிகிறது.

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். தோப்பைப் பார்த்து அஞ்சுவது இயல்புதான் என்றாலும், காட்டுத்தீயில் வீடுகள் எப்படிப் பற்றுகின்றன என்று பார்த்தால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் தோப்பு அன்று, வீட்டுச் சுவர். அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய ஜாக் கோஹன் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் கனடாவின் வடபகுதிக் காடுகளில் நடந்த பரிசோதனைத் தீக்களின் முன்னால் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். உச்சிவரை எரிந்த காட்டிலிருந்து 10 மீட்டரில் இருந்தவற்றுள் சில பற்றின. 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் இருந்தவை பற்றவில்லை. அப்படியிருக்க, காட்டிலிருந்து வெகுதூரத்தில் உள்ள வீடுகளும் எரிகின்றனவே என்றால், அதற்குக் காரணம் காற்றில் பறந்து வரும் தீப்பொறிகள். 2018இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரில் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, அவற்றின் அருகிலேயே மரங்கள் பச்சையாக நின்றதற்கும் இதுவே விளக்கம். பொறி விழும் இடத்தில் சருகு இருந்தால் வீடு பற்றும். இல்லையென்றால் பொறி அணைந்துவிடும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது முதலில் ஏணியை எடுங்கள். பைனஸ் ஊசியிலைகள் எளிதில் மக்குவதில்லை. பிசின் கலந்தவை என்பதால் காய்ந்த பின் விரைந்து பற்றுபவை. அவை கூரைப் பீலியில் நிறைந்து, கூரை விளிம்பின் மரப்பலகையை ஒட்டிக் கிடந்தால் அடுப்பு மூட்டி வைத்ததற்கு ஒப்பாகும். தகரமோ ஆஸ்பெஸ்டஸ் தகடோ எரியாது என்று நிம்மதியடையும் பலர், தகட்டின் வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள துளைகளையும், அவற்றுள் குருவி சேர்த்து வைத்த கூட்டுப் புல்லையும் மறந்துவிடுகிறார்கள். அந்தத் துளைகளை நெருக்கமான கம்பி வலையால் அடையுங்கள். பிறகு சுவரைச் சுற்றி 1.5 மீட்டர் அகலத்துக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது: பூஞ்செடி, உலர்ந்த வைக்கோல் மூடாக்கு, தும்பு மெத்தை, பிளாஸ்டிக் கூடை எல்லாம் வெளியே. சரளைக் கல்லோ சீமெந்துத் தரையோ அங்கு பொருந்தும். மலைநாட்டு வீடுகளில் நான் அடிக்கடி காண்பது, மழைக்கு நனையாமல் பின்சுவரோடு சாத்தி அடுக்கிய விறகு. நனையாத விறகு பொறிக்கும் உகந்தது. வறட்சிக் காலத்திலாவது அதை 10 மீட்டருக்கு அப்பால், வீட்டுக்குக் கீழே அல்லாமல் பக்கவாட்டில், தனிக் கொட்டிலில் வையுங்கள்.

அடுத்தது, 1.5 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரையுள்ள முற்றம். இங்கே மரம் நிற்கலாம், செடி நிற்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தீ ஏறிச்செல்லப் படிக்கட்டு அமைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். புல்லில் பிடித்த தீ நாயுண்ணிப் பற்றைக்கும், பற்றையிலிருந்து தாழ்ந்த கிளைக்கும், கிளையிலிருந்து உச்சிக்கும் போகும். எனவே வளர்ந்த மரங்களின் கிளைகளைத் தரையிலிருந்து 2 மீட்டர் வரையேனும் கழித்து, அடியிலுள்ள பற்றையை அகற்றி, கூரைக்கு மேல் நீளும் கொப்புகளைச் சுமார் 3 மீட்டர் இடைவெளி கிடைக்கும்படி வெட்டினால் போதும். வாழை இருந்தால் காய்ந்து தொங்கும் சருகை மாதம் ஒரு முறை அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். தீப்பிடிக்காத செடி எது என்று பலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு செடி இல்லை. நீர் ஊற்றி, சருகு அகற்றிப் பேணப்படும் செடி மெதுவாகப் பற்றும், பேணப்படாத எதுவும் வேகமாகப் பற்றும்.

உங்கள் வீட்டுக்கு உண்மையான சவால் கீழ்ப்புறம். தீ மேல்நோக்கி ஏறும்போது சுவாலை முன்னாலுள்ள புல்லைச் சூடேற்றி உலர்த்திக்கொண்டே போகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது அவுஸ்திரேலியத் தீயியலாளர்கள் கையாளும் கணக்கு. மானாப்புல்லோ எண்ணெய்ச் சத்துள்ள இனம், சித்திரனெல்லாவின் நெருங்கிய உறவு. ஆகவே சமதரையில் 30 மீட்டர் போதுமென்றால், செங்குத்தான கீழ்ச்சரிவில் உங்கள் எல்லைக்குட்பட்ட வரையில் அதைவிடக் கூடுதலான தூரத்துக்குப் புல்லைத் தாழ்த்தி வைப்பது நல்லது. மேற்புறத்தில் அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. ஆயினும் தென்மேல் பருவக்காற்று ஈரத்தை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, உலர்ந்து, முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும் மாதங்களில் பொறிகள் தோப்பிலிருந்து கீழ்நோக்கியே வரும். எரியும் பைனஸ் காய்கள் உருண்டும் வரும். கூரையிலிருந்து தொடங்கச் சொன்னது அதனால்தான்.

புல்லைத் ‘தாழ்த்துங்கள்’ என்று சொன்னேன், ‘பிடுங்குங்கள்’ என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு உங்கள் மாவட்டத்தில் உயிரோடு தொடர்புடையது. கலிபோர்னியாவுக்கு எழுதப்பட்ட ஆலோசனையை அப்படியே பதுளைக்குக் கொண்டுவருபவர்கள் தவறுவது இங்கேதான். நமது தீக்காலமாகிய ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களை உடனடியாகத் தொடர்ந்து ஒக்டோபர், நவம்பர் பெருமழை வருகிறது. மண்வெட்டியால் செதுக்கி வெறுமையாக்கிய சரிவில் அந்த மழை விழுந்தால் மேல்மண் ஓடும். சரிவு ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதைவிடப் பெரிதும் நேரலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவை மலைநாட்டில் எவரும் மறக்கவில்லை. அதற்குத் தீ காரணமென்று நான் சொல்லவில்லை. அந்த மழையையும் அந்தச் சரிவுகளையும் மனத்தில் வைத்தே கத்தியை எடுக்க வேண்டும் என்கிறேன். புல்லை 10 சென்ரிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, வேரையும் அடிக்கட்டையையும் மண்ணிலேயே விடுங்கள். தேயிலை மீள்நடுகைக்கு முன்னர் களைத்த மண்ணைத் தேற்றுவதற்குத் தோட்டங்களில் நடப்படும் புற்களுள் மானாவும் ஒன்று. அதன் வேர் உங்களுக்குப் பகை அன்று.

களைநாசினி இரு வகையில் கெடுதி செய்யும். பச்சையாக இருந்த புல்லை நின்ற நிலையிலேயே வைக்கோலாக்கி, வறட்சி வருமுன் எரிபொருளைத் தயாரித்துக் கொடுக்கும். பின்னர் வேரும் செத்து மண்ணைக் கைவிடும். அயலவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். அந்தச் செலவில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஆள் பிடித்துக்கொடுங்கள்.

பைனஸ் தோப்பு அரச காணி என்பதால் ஒரு கிளையைக்கூட நீங்களாக வெட்ட முடியாது. தோப்புக்கும் உங்கள் எல்லைக்கும் இடையில் தீத்தடுப்புப் பாதை ஒன்றைத் துப்புரவாக்கித் தரும்படி வனத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பிரதி ஒன்றைக் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். உங்கள் வளவுக்குள் பலா நிற்குமானால் அதையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைக் காக்கிறது. தறிக்கத் தேவையும் இல்லை. அடிக்கிளை கழித்த பலா வீட்டுக்கு ஆபத்தான மரம் அன்று.

இரண்டு மாதத்துக்கு ஒரு பயணம் இதற்குத் தாராளமாகப் போதும். மார்ச், ஏப்ரல் மழையில் தழைத்த புல் மே இறுதியில் முழு உயரத்தில் நிற்கும். அப்போது ஒரு முறை வெட்டி, ஜூலை இறுதியில் பீலியையும் சுவரோரத்தையும் மீண்டும் பாருங்கள். வெட்டிய புல்லை அங்கேயே குவித்து நெருப்பு வைக்க அயலவருக்கு இடம் கொடாதீர்கள். ஊவாவின் மலைத்தீக்களில் பெரும்பாலானவை மனிதர் மூட்டியவை; குப்பை எரிக்கப்போய்க் கைமீறியவையும் அவற்றுள் உண்டு. புல்லை மரக்கறிப் பாத்திக்கோ தேயிலைக்கோ மூடாக்காகப் போடலாம், வீட்டிலிருந்து தள்ளி. வெளிக்குழாயில் வீட்டின் நான்கு மூலைக்கும் எட்டும் நீளத்தில் ஒரு ஹோஸ் பைப் மாட்டி வையுங்கள். தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இரு இலக்கங்களையும் அயலவரின் தொலைபேசியில் பதிந்துகொடுங்கள். புகை மலையடிவாரத்தில் தெரிந்தால் ஹோஸ் பைப்போடு நிற்காமல், சன்னல்களை மூடிவிட்டு, பக்கவாட்டில் விலகிப் பாதைக்குப் போய்விடுமாறும், புல்சரிவில் மேல்நோக்கி ஓடக் கூடாது என்றும் அவரிடம் நேரில் சொல்லிவையுங்கள்.