கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் கருவி: எதில் தொடங்குவது?

பாலர் பள்ளிப் பிள்ளைகள் திரையில்லாமல் நிரல் எழுத ஒரு கருவி செய்ய நினைக்கிறேன், எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டையின் உருவத்தில் தொடங்குங்கள். சிங்கப்பூரில் பாலர் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பப் பொம்மைகளைக் கொண்டுவந்த பிளேமேக்கர் திட்டத்தில் வந்த கிபோ ரோபோவைப் பாருங்கள். மரக்கட்டைகளை ஒன்றோடொன்று செருகி அதற்குக் கட்டளை தரலாம். அதன் ‘தொடக்கம்’ கட்டையில் முளை உண்டு, துளை கிடையாது. அதற்கு முன்னால் எதையும் செருக முடியாது. ‘முடிவு’ கட்டையில் துளை மட்டும். விதியை யாரும் சொல்லித்தர வேண்டாம், பிள்ளையின் விரலே கண்டுபிடித்துவிடும். கட்டைக்குள் மின்சுற்றும் இல்லை. மேலே ஒட்டிய பார்கோடுகளை ரோபோ ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டைக் கட்டைகளையும், அவற்றின் கட்டளைப்படி நகரும் ஒரு வண்டியையும் வைத்துச் சோதித்தோம். ஐந்து வயதுக்காரி ஒருத்தி ‘வலப்பக்கம் திரும்பு’ கட்டையை எடுத்ததும் தானே எழுந்து திரும்பிப் பார்த்தாள். வலம் என்றால் அவளுடையதா, எதிரே நிற்கும் வண்டியுடையதா? வண்டிக்கு முகம் வரைந்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம், தமிழில் கட்டை செய்தால் சொல்வரிசையையும் யோசியுங்கள். நம் பிள்ளைகள் ‘மூணு தடவை சுத்து’ என்பார்கள். எண் முன்னால், வினை கடைசியில். ஆங்கிலக் கட்டையில் சொல்லை மட்டும் மாற்றி ஒட்டினால் வாக்கியம் தலைகீழாகிவிடும். எண்ணைச் செருகும் இடத்தை இடப்பக்கம் வையுங்கள்.