தமிழர் நாக்குக்குக் கன்னடத்தில் எது சிரமம்?

கேள்வி: பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழருக்குக் கன்னட உச்சரிப்பில் எது கஷ்டம்? மூச்சை அழுத்திச் சொல்லும் எழுத்துகளா?

இல்லை. மகாபிராணம் என்று அழைக்கப்படும் அந்த எழுத்துகள் மொத்தம் 10. பெரும்பாலும் வடமொழிச் சொற்களில்தான் வரும். காய்கறிக் கடையில் மூச்சை அழுத்திப் பேசுபவர்கள் குறைவு. எழுத்திலிருந்தே அவற்றை எடுத்துவிடலாம் என்று வாதாடியவர் கன்னட மொழியியலாளர் டி.என். சங்கர பட். அதனால் அந்தக் கவலையை விடுங்கள்.

நமக்கு ரொம்பப் பழகிய 'க'வில்தான் சிக்கலே. தமிழில் 'க' எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடம் சொல்லிவிடும். 'கல்' என்றால் வன்மையாக, 'பங்கு' என்றால் மென்மையாக, 'பகல்' என்றால் இன்னும் இளகி, 'பக்கம்' என்றால் மறுபடி வன்மையாக. ட, த, ப எல்லாம் அப்படியே. கால்டுவெல் 1856இலேயே இதை ஒரு விதியாக எழுதி வைத்தார். கன்னடத்தில் வன்மைக்கு ஓர் எழுத்து, மென்மைக்கு ஓர் எழுத்து. மாற்றினால் பொருளும் மாறும். 'காளி'யை 'கால்' போலத் தொடங்கினால் அம்மன், 'காந்தி' போலத் தொடங்கினால் காற்று. வேண்டாம் என்பதற்கு 'பேட', 'பஸ்'ஸில் வரும் ப. 'பால்' ப போட்டுச் சொன்னால் தார்வாடு ஊரின் பேடா இனிப்பு! (இந்த வித்தியாசத்தைத் தமிழில் எழுதிக் காட்டவே வழியில்லை பாருங்கள்.)

சொல்லின் நடுவில் இன்னும் மோசம். வேண்டும் என்பதற்கு 'பேகு'. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றைக் ககரம், ஆனாலும் வன்மையாகவே ஒலிக்க வேண்டும். தமிழ் நாக்கு இதற்கு ஒப்புக்கொள்ளாது. ஒன்று இளக்கிவிடுவோம், அது 'சீக்கிரம்' என்று பொருள்படும் 'பேக' பக்கம் போய்விடும். இல்லையென்றால் இரட்டித்து 'பேக்கு' ஆக்குவோம். போதும் என்பதற்கான 'சாகு' நம் வாயில் 'சாக்கு' ஆவதும் இப்படித்தான். தலைமுறைகளாகப் பெங்களூரின் அல்சூர்ப் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. புதிதாக ஐடி வேலைக்கு வந்தவரை அந்த 'பேக்கு'விலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, லாபக் கணக்கும் இருக்கிறது. நம் சொல்லின் முதலில் வரும் ப, அங்கே பல சொற்களில் ஹ: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழங்கன்னடத்தில் அதுவும் ப-தான், 10ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் பம்பன் காலத்தில்கூட. நம் வ, அங்கே 'பஸ்' ப: வா பா, விரல் பெரளு, வாழை பாளெ. வாழையில் ழ போய் ள வந்திருப்பதையும் கவனியுங்கள். பழங்கன்னடத்தில் ழ இருந்தது, பிற்பாடு தொலைந்தது. பழைய மெட்ராஸ் ரோட்டை 'ஹளே மெட்ராஸ் ரோடு' என்கிறார்களே, அந்த 'ஹளே' நம் 'பழைய'தான், இரண்டு மாற்றமும் அதில் உண்டு. ஹ என்றால் நாம் விழுங்கிவிடுவோம் என்பது தனிக்கதை: ஹலசூரு அல்சூர் ஆனது, ஹொசூரு ஓசூர் ஆனது.

பழசைக் கன்னடம் காப்பாற்றி, தமிழ் மாற்றிய இடமும் உண்டு. செவி அங்கே கிவி, சேரி அங்கே கேரி. இ, எ ஒலிகளுக்கு முன் இருந்த க தமிழில் ச ஆகிவிட்டது. ஆனால் 'கேள்' மட்டும் ஏன் 'சேள்' ஆகவில்லை? பின்னால் ள, ட போல நாவை மடித்துச் சொல்லும் ஒலி வந்தால் தமிழ் அந்தக் ககரத்தைத் தொடவில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இது.

கன்னடத்தைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். முதல் வாரத்திலேயே க, ச, ட, த, ப ஐந்துக்கும் வன்மை, மென்மை ஜோடி எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் படித்துப் பழக பிஎம்டிசி (பெங்களூர் நகரப் பேருந்து) பஸ் போர்டுகளே போதும்.