பவுடர் டின்னுக்குள்ள போன குளிசை

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு. லண்டனில இருக்கிற அண்ணாட்ட மூணு மாசம் நிண்டு வரப் போனவ. அவட சீனி, பிரஷர் குளிசைய மச்சாள் கண்டா கதைப்பா எண்டு கவரெல்லாம் கழட்டி பழைய பவுடர் டின்னுக்குள்ள போட்டு, மிளகாய்த்தூள் பக்கட்டுகளுக்கு நடுவில வச்சு அனுப்பினனான். போய் பன்னிரண்டாம் நாள் விடியக்காலம் குசினியில மயங்கி விழுந்திட்டா, சீனி நல்லா இறங்கிட்டாம். மூணு நாள் ஆஸ்பத்திரி. இப்ப நாலாயிரம் பவுணுக்கு மேல பில். போர்ம்ல வருத்தம் ஒண்டும் இல்லயெண்டு போட்டதால இன்சூரன்ஸ்காரன் தரமாட்டனெண்டுட்டான். லண்டனில வைத்தியம் சும்மாதானே? சீனி இப்பதான் வந்தது எண்டு டொக்டர்ட்ட ஒரு கடிதம் எடுத்துக் குடுத்தா காசு வருமா? அண்ணா ரெண்டு கிழமையா என்னோட கதைக்கிறதும் இல்ல.
- கல்லாறு வாசகி

பதில்: பில், இன்சூரன்ஸ், அண்ணாட கோவம் எண்டு நிறைய எழுதியிருக்கீங்க புள்ள, ஆனா எனக்கு அந்தப் பவுடர் டின்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

கவர்ல என்ன இருந்த? மருந்தின்ட பேர், எத்தின மில்லிகிராம், காலையில எத்தின, இரவைக்கு எத்தின. அத நீங்க கழட்டி எறிஞ்சிட்டீங்க. அம்மா மச்சாள் எழும்ப முதல் விடியக்காலம் களவா எழும்பி டின்னத் திறந்து குளிசையப் போட்டிருப்பா, போட்ட உடன சாப்பிடணுமெண்டு அவவுக்குத் தெரியும், ஆனா மருமகள்ட குசினியில அஞ்சு மணிக்கு அலுமாரியத் திறந்து பாண் எடுக்க வெக்கப்பட்டு மத்தவங்க எழும்பட்டும் எண்டு பாத்துக் கொண்டு இருந்திருப்பா. நீங்க குளிசைப் பேர் எழுதல்ல, ஆனா சீனி அப்படி இறங்கினதப் பாத்தா கிளிக்லசைட் மாதிரி ஒண்டாத்தான் இருக்கும், அதப் போட்டிட்டுச் சாப்பிடாம இருந்தா சீனி இறங்கும், ஏத்தி விட்டாலும் மருந்து உடம்பில நிக்கிறதால திரும்பவும் இறங்கும், அதாலதான் உடன வீட்ட விடாம வச்சுப் பாப்பாங்க.

அந்த நேரத்தில 999க்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்து, அம்மாவுக்கு என்ன வருத்தம், என்ன மருந்து எடுக்கிறவ எண்டு உங்கட அண்ணாட்டக் கேட்டிருப்பாங்க. அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒண்டும் இல்ல, அம்மா நல்ல சுகம் எண்டு. பொய் சொல்றமெண்டு தெரியாமலே சொல்லியிருப்பார். வருத்தமே இல்லாத மனிசிக்கு சீனி ஏன் இறங்கின எண்டு டொக்டர்மார் தேடத்தானே வேணும், அந்தத் தேடலுக்கும் சேத்துத்தான் இப்ப பில் வந்திருக்கும். பெத்த தாய் கண்ணுக்கு முன்னால விழுந்து கிடக்கக்குள்ள அவட மருந்தின்ட பேர் தெரியாம நிண்ட மகன் அவர். அவர் காசுக்காகக் கோவிச்சிருக்கார் எண்டு நான் நம்பமாட்டன்.

நம்மட பக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், அம்மாவும் அந்த வீட்டோடதான். அம்மாட கிளினிக் கொப்பியும் நம்மட கையிலதான். களுவாஞ்சிக்குடி கிளினிக்குக்கு மாசா மாசம் கூட்டிக்கொண்டு போய் வரிசையில நிண்டவ நீங்கதான் எண்டா அந்தப் போர்ம்ல இல்ல எண்டு எப்படிப் போட்டீங்க? ஏஜென்சிக்காரன் நிரப்பினான் எண்டு சொல்லாதீங்க, கையெழுத்து வைக்க முதல் வாசிக்கிறது உங்கட கடம. மச்சாள் கதைச்சா என்ன, கதைக்கட்டும். வருத்தத்த மறைச்சு மாமியார அனுப்பிவிட்டா அந்த வீட்டில முதல் பிழை நம்மட பக்கம்.

டொக்டர்ட்டக் கடிதம் எடுக்கிற யோசனைய இண்டைக்கே விடுங்க. சீனி வருத்தக்காரருக்கு எச்பிஏ1சி எண்டு ஒரு இரத்தப் பரிசோதனை செய்றது வழக்கம், அது போன ரெண்டு மூணு மாசத்துச் சீனியச் சராசரியாக் காட்டும். அங்கயும் அத எடுத்திருந்தா உங்கட கடிதம் பொய்யெண்டு தெரிஞ்சு போகலாம், பாவம் அந்த டொக்டரும் மாட்டுவார். இன்சூரன்ஸ்காரனுக்கு நடந்தத நடந்தபடி எழுதிக் கேளுங்க, பெரும்பாலும் கிடைக்காது.

லண்டனில சும்மா எண்டது அரைவாசிதான் சரி. அவசரப் பிரிவில பாக்கிறதுக்கு ஆருக்கும் காசில்ல, வாட்டில அட்மிட் பண்ணின உடன விசிட் விசாவில வந்தவங்களுக்கு காசு, அதுவும் அவங்கட வழமையான செலவுக் கணக்கில 150 வீதம், அதாவது ஒண்டரை மடங்கு. இங்க 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் சும்மா வரும், மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில வாட்டில கிடந்தாலும் பில் வராது, அந்தப் பழக்கத்திலயே போறம். சுவிஸ் பக்கம் போறதெண்டா 30,000 யூரோ இன்சூரன்ஸ் இல்லாம விசாவே இல்ல, கனடாவில புள்ளையளப் பாக்கப் போற பெத்தவங்கட சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் டொலர், லண்டன் விசாவுக்கு அப்படிக் கட்டாயம் இல்ல எண்டதால ஏனோதானோ எண்டு போர்ம நிரப்பிறாங்க.

இப்ப செய்ய வேண்டியது, அண்ணா அந்த ஆஸ்பத்திரியில வெளிநாட்டு நோயாளர் கணக்குப் பாக்கிற ஆக்களோட கதைச்சு தவணைக்குக் கட்ட எழுதி வாங்கணும். 500 பவுணுக்கு மேல கடன் ரெண்டு மாசம் கட்டாமக் கிடந்தா அது விசா கந்தோருக்குப் போகும், பிறகு அம்மா பேரப்புள்ளயப் பாக்கப் போக ஏலாது. தவணைக்கு ஒத்துக்கிட்டு ஒழுங்காக் கட்டினா அந்தப் பிரச்சின இல்ல. அதில பாதிய நீங்க கட்டுங்க. ஏலாதெண்டு சொல்ல வேணாம், சீட்டு எடுத்தாவது கட்டுங்க.

இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல அம்மா அங்க நிக்கணும். நம்மட டொக்டர்ட்ட எடுக்கிறதெண்டா உண்மையான கடிதம் எடுங்க, மருந்துப் பேரும் அளவும் இங்கிலீசில எழுதி, அதப் படம் எடுத்து அனுப்பிவிடுங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாட்டி ஆஸ்பத்திரியில தமிழ் மொழிபெயர்க்கிற ஆள் வேணுமெண்டு கேக்கலாம், அதுக்குக் காசில்ல. டின்னில கிடக்கிற குளிசையில எது சீனிக்கு எது பிரஷருக்கு எண்டு அம்மாவுக்கே இப்ப தெரியுமோ என்னவோ.

அதால இண்டைக்கு இரவைக்கே வீடியோ கோல் எடுங்க, அண்ணா தூக்காட்டி மச்சாள்ட போனுக்கு எடுங்க. கொப்பிய முதல் பக்கத்தில இருந்து ஒவ்வொண்டாப் பிரிச்சுக் காட்டுங்க, அம்மாவ அந்த டின்னக் கொண்டு வந்து மேசையில கொட்டச் சொல்லுங்க, மச்சாளே ஒவ்வொரு குளிசையா எடுத்து கமராவுக்குக் காட்டட்டும்.