டைஃபுகு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏன் கட்டியாகிறது?

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன வாசகர் ஒருவரின் கேள்வி: "வீட்டுக்குப் பக்கத்து இனிப்புக் கடையில் மாமெ டைஃபுகு (பட்டாணி சேர்த்த மோச்சித் தோலுக்குள் இனிப்பு விழுது வைத்த ஜப்பானிய இனிப்பு) வாங்கி, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் கடிக்கவே முடியவில்லை. ஸ்டேஷனில் வாங்கிய பெட்டி மோச்சி அதே ஃப்ரிட்ஜில் ஒரு வாரமாக மெத்தென்று இருக்கிறது. கடைக்காரர் பழசைத் தந்துவிட்டாரா? ஊருக்குப் போகும்போது எதை வாங்கிக்கொண்டு போகலாம்?"

பாவம், கடைக்காரரைச் சந்தேகப்படாதீர்கள். அவர் அன்று காலையில் செய்ததைத்தான் கொடுத்திருப்பார், அதைக் கெடுத்தது உங்கள் ஃப்ரிட்ஜ்.

மோச்சிகோமெ என்ற ஒட்டரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் இடித்தால் மோச்சி. வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துக் குழைகிறது. ஆறியபின் மெல்ல மெல்லப் பழையபடி இறுகிக்கொள்ளப் பார்க்கிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 0 முதல் 5 டிகிரிக்குள், அதாவது சரியாக ஃப்ரிட்ஜ் இருக்கும் சூட்டில். மிச்சச் சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகிறதே, அதே கதைதான். மாவுச்சத்தில் சீக்கிரம் இறுகும் பகுதியான அமிலோஸ் ஒட்டரிசியில் கிட்டத்தட்ட இல்லாததால் சோற்றைவிடக் கொஞ்சம் தாமதமாக இறுகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் பெட்டி மோச்சி மட்டும் எப்படித் தப்பியது? சர்க்கரை. மாவுக்குச் சமமாகவோ இரண்டு மடங்காகவோ சர்க்கரை போட்டுக் கிளறினால் அது கியூஹி என்ற வகை. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு இறுக வழியில்லாமல் போகிறது. 1981-ல் லோட்டே நிறுவனம் கொண்டுவந்த யுகிமி டைஃபுகு ஐஸ்கிரீமின் மேல்தோல் ஃப்ரீஸரில் இருந்தும் பல்லை உடைக்காமல் இருப்பதற்குப் பின்னால் இருப்பதும் இந்தச் சங்கதிதான். இது போதாதென்று இப்போது ட்ரெஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையும், மாவை இறுகவிடாத என்சைமும் சேர்க்கிறார்கள். லேபிளை போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சர்க்கரை சேர்க்காமல் இடித்த தோலுக்குள் உப்புக் கரிக்கும் பட்டாணியும் அஸுகி என்ற சிவப்புப் பயறின் இனிப்பு விழுதும் சேர்ந்து வரும் அந்த ருசி பெட்டியில் கிடைக்காது, அதைக் கடைக்குப் போய் அன்றன்றே சாப்பிட வேண்டியதுதான்.

சரி, கட்டியானதை என்ன செய்வது? தேதி தாண்டவில்லை என்றால் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் விடாத தவாவில் சிறு தீயில் இரண்டு பக்கமும் லேசாகச் சிவக்க வாட்டுங்கள், தோல் மொறுமொறு என்றும் உள்ளே இளகியும் வரும், எனக்கு இது புதுசைவிடப் பிடிக்கும். அவசரம் என்றால் தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் பத்துப் பத்து விநாடியாக வைத்துப் பாருங்கள், ஆனால் உள்ளே இருக்கும் விழுது தோலைவிடச் சூடாகி நாக்கைச் சுட்டுவிடும். ஸ்ட்ராபெரி வைத்த இச்சிகோ டைஃபுகுவைச் சூடாக்கவே கூடாது, வாங்கிய அன்றே முடித்துவிடுங்கள். க்ரீம் வைத்தது மட்டும் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

மிச்சம் வரும் என்று முன்பே தெரிந்தால் வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் தனித்தனியாக ராப் பேப்பரில் சுற்றி ஃப்ரீஸரில் வையுங்கள், அங்கே இறுகுவது நின்றுபோகும். எடுத்த பிறகு வெளியிலேயே வைத்து இளக விடுங்கள், ஃப்ரிட்ஜில் இளக்கினால் பழைய பிரச்சினை திரும்ப வரும்.

ஊருக்கு எடுத்துப்போக இரண்டு வகைத் தேதியைப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஷோஹி கிகென் என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும், ஷோமி கிகென் என்றால் அதுவரை ருசி குறையாது என்று பொருள். 1707-லிருந்து இசே என்ற ஊரில் செய்யும் அகாஃபுகு (மோச்சிமேல் பயறு விழுது பூசியது) ஒசாகா ஸ்டேஷனிலும் கிடைக்கும், அருமையான பண்டம், ஆனால் கோடையில் இரண்டு நாள், குளிர்காலத்தில் மூன்று நாள்தான் தாங்கும், விமானப் பயணத்துக்கு ஒத்துவராது. கியூஹி வகைகளை எடுத்துப்போகலாம், இல்லாவிட்டால் கியோத்தோவின் நாமா யாட்சுஹாஷி (அரிசி மாவில் செய்த மெல்லிய இனிப்பு), அதுவும் காற்றுப் புகாமல் அடைத்தது. கொஞ்சம் வேலை செய்யத் தயார் என்றால் கிரிமோச்சி வாங்குங்கள்: இனிப்பே இல்லாத கெட்டியான வில்லைகள், மாதக்கணக்கில் கெடாது, வீட்டில் சுட்டு, சர்க்கரை கலந்த கினாகோவில் புரட்டினால் ஆயிற்று. கினாகோ வறுத்த சோயா மாவு, சோயா ஒவ்வாதவர்கள் தொடக்கூடாது.

இன்னொன்று. தாத்தா பாட்டிக்கோ சின்னக் குழந்தைகளுக்கோ முழுசாகக் கொடுக்காதீர்கள். ஜப்பானிலேயே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மோச்சி தொண்டையில் சிக்கி முதியவர்கள் இறக்கிறார்கள், தோக்கியோ தீயணைப்புத் துறை வருடா வருடம் எச்சரிக்கை விடுகிறது. சிறு துண்டாக வெட்டி, முதலில் ஒரு வாய் டீ குடிக்கச் சொல்லி, அப்புறம் மெதுவாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள், அருகிலேயே இருங்கள். மிகச் சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.